துகள்கள் நின்ற திசை

பாண்டிச்செல்வி ஊற்றினால் அகரில் ஒரு குமிழிகூட வராது. மதுரைக்கு மேற்கே அவள் வேலை பார்க்கும் கல்லூரியில், இயற்பியல் துறையின் முதலாமாண்டுப் பிள்ளைகள் முதல் துறைத் தலைவர் வரை இதை ஒத்துக்கொள்வார்கள். அகர் என்பது வேறொன்றுமில்லை. நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, வில்லை வில்லையாக வெட்டித் தருவார்களே, அந்தக் கடல்பாசிதான். ஆய்வகத்தில் அதைத் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி, வேண்டியதைக் கலந்து, சிறு கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறைய விடுவார்கள். கொஞ்சம் கை நடுங்கினாலும் குமிழி வரும், ஒரு பக்கம் தடித்துப்போகும். பாண்டிச்செல்வி ஊற்றினால் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்ததுபோல இருக்கும்.

கொட்டாம்பட்டிப் பக்கத்து கிராமம் ஒன்றில் பிறந்தவள். அப்பா கருப்பும் அம்மா ஒச்சாயியும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் கடலை பறித்தவர்கள். இப்போது சொந்தமாக முக்கால் ஏக்கர் வைத்துப் பாடுபடுகிறார்கள். மகள் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள். கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை என்று சொல்லித்தான் அவளைக் கல்லூரியில் சேர்த்தார்கள். கழுவப் போனவள், கழுவிய பாத்திரம் எதற்குப் பயன்படுகிறது என்று நின்று பார்த்தாள். பார்த்ததைக் கேட்டாள். கேட்டதைச் செய்து பார்த்தாள். பதினேழு வருடத்தில் அந்தத் துறையில் அவள் கை படாத கருவி இல்லை. பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். கோச்சடையில் மைக் செட் கடை வைத்திருக்கும் நல்லகாமனைக் கட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆல்பின் என்ற ஆராய்ச்சி மாணவன் வந்து சேர்ந்தான். பேராசிரியர் ஜோசபின்தான் அவனுக்கு வழிகாட்டி. ஆல்பின் கொண்டுவந்த பொருளைப் பார்த்து முதலில் பாண்டிச்செல்வி காபி டிகாக்‌ஷன் என்றுதான் நினைத்தாள். ஒரு குப்பியில் கறுப்பும் பழுப்புமாக ஏதோ தளும்பியது.

"இரும்புத் துரு மாதிரி ஒரு பொருள்தான் அக்கா. ஆனா பொடி. அம்புட்டுப் பொடி" என்றான் ஆல்பின். "தலைமுடி ஒண்ணு இருக்குல்ல, அதோட தடிமன்ல இதுல நாலாயிரத்தை வரிசையா நிப்பாட்டலாம்."

"நாலாயிரமா? இத வச்சு என்ன தம்பி பண்ணப் போறீக?"

அவன் சொன்னான். புற்றுக்கட்டிக்குள் இந்தத் துகள்களை ஊசியில் ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு கம்பிச்சுருளால் காந்தப் புலத்தை வேகமாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் துகள்கள் சூடாகும். அந்தச் சூட்டில் கட்டி மட்டும் வேகும், பக்கத்துச் சதை தப்பிக்கும். உலகத்தில் பல இடங்களில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். அதற்கென்று ஒரு திசை உண்டு. சதைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் அது நினைத்தபடி திரும்ப முடியாது. புலம் வரும் திசையைப் பார்த்து நிற்கும் துகள் நன்றாகச் சூடாகும் என்பது கணக்கு. குறுக்கே நிற்கும் துகள் சும்மா இருக்கும். ஆகவே மருந்தை ஏற்றினால் மட்டும் போதாது, ஏறிய மருந்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

"கண்ணுக்கே தெரியாதது எந்தப் பக்கம் பாக்குதுன்னு எப்பிடித் தெரியும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் அக்கா நான் வந்திருக்கேன்" என்றான்.

அவன் கட்டிய கருவி எளிமையானது. கீழே ஒரு சிவப்பு லேசர். அதன் மேல், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் ஒரு வடிகட்டிக் கண்ணாடி. அதற்கும் மேலே அகர்த் தட்டை வைத்துச் சுழற்ற டிகிரி குறித்த ஒரு வளையம். உச்சியில் ஒளியை அளக்கும் ஒரு மானி. அகருக்குள் துகள்கள் வரிசை கட்டி ஒரே திசையில் நின்றால், தட்டைச் சுழற்றும்போது ஒரு கோணத்தில் வெளிச்சம் மங்கும், கால்வட்டம் தாண்டினால் தெளியும். கண்டபடி நின்றால் எப்படிச் சுழற்றினாலும் ஒரே வெளிச்சம்தான். மங்கும் கோணம் எதுவோ அதுதான் துகள்கள் நிற்கும் திசை.

சதைக்குப் பதில் அகர். அதைக் காய்ச்சி ஊற்றும் வேலை இயல்பாகவே பாண்டிச்செல்விக்கு வந்தது. இரண்டு வகைத் தட்டுகள். ஒரு வகையை ஆல்பின் தன் மேசையில் இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவில் வைத்து உறைய வைப்பான். அவற்றில் துகள்கள் காந்தம் காட்டிய திசையில் நிற்க வேண்டும். இன்னொரு வகை காந்தமே இல்லாமல் உறைவது. அவற்றில் திசை எதுவும் தெரியக்கூடாது. காந்தமில்லாத தட்டுகளைப் பாண்டிச்செல்வியே உறைய வைத்துக் கொண்டுவந்து தருவாள்.

சிக்கல் அங்கேதான் வந்தது. மார்ச் மாதத்திலிருந்து, திசையே இருக்கக்கூடாத தட்டுகளில் திசை தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் முப்பத்தேழு டிகிரி. அடுத்த தட்டில் நூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்து எட்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆல்பின் லேசரை மாற்றினான். வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கருவியை மூன்று முறை ஒவ்வொரு திருகாகப் பிரித்துக் கட்டினான். எதுவும் மாறவில்லை.

"ஒண்ணுமில்லாத தட்டுலயே ஒண்ணு இருக்குன்னு சொல்ற மெஷினை யார் நம்புவா ஆல்பின்?" என்று ஜோசபின் கேட்டார். கடிந்து பேசுகிறவர் அல்ல அவர். ஆனால் அளந்து பேசுகிறவர். "ஜூலைல ரிப்போர்ட் குடுக்கணும். அதுக்குள்ள சரியாகலன்னா இந்த முறைய விட்டுட்டு வேற முறைக்குப் போயிருவோம்."

இரண்டு வருட உழைப்பு. ஆல்பின் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது பாண்டிச்செல்விக்குத் தெரிந்தது. ஒருமுறை அவளிடமும் கேட்டான்: "அக்கா, இந்தத் தட்டைக் காந்தம் எதுக்கும் பக்கத்துல வைக்கலல்ல?"

"அய்யோ, இல்ல தம்பி. ஏசி ரூம்லதான வச்சேன். உங்க காந்தமெல்லாம் இந்தப் பக்கம்ல கெடக்கு."

அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை. பெரிய ஆய்வகம் வெயில் ஏறினால் அடுப்படி மாதிரி ஆகிவிடும், அகர் உறையாமல் கொழகொழவென்று கிடக்கும். அதனால் மார்ச் மாதம் முதல் தட்டுகளை ஏசி அறைக்கு மாற்றியிருந்தாள். அங்கே கிரானைட் மேடை தண்ணீர் வடிவதற்காக லேசாகச் சரிந்திருந்தது. கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் ரசமட்டம் ஒன்றை அவள் வைத்திருந்தாள். அதை அறை முழுக்க வைத்துப் பார்த்ததில், மட்டமாக இருந்தது ஒரே ஒரு இடம். மேடையின் மூலையில் இருந்த கலக்கியின் மேல்தட்டு. ஸ்டிரர் என்று எல்லோரும் சொல்லும் கருவி. முகவை ஒன்றில் திரவத்தை ஊற்றி, சிறு வெள்ளைக் கட்டை ஒன்றைப் போட்டு, அதன் மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டால் கட்டை தானாகச் சுழன்று கலக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டியதைக் கலக்கி முடித்ததும் அணைத்துவிட்டு, தட்டை அதன் நடுவில் வைத்து உறைய விடுவாள். அணைத்துக் கிடக்கும் கருவி வெறும் பலகைதானே.

*

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து நல்லகாமன் கடை முகப்பில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துக்கொண்டிருந்தான். சோழவந்தான் பக்கம் ஒரு கல்யாணத்தில் அளவுக்கு மீறி அலறவிட்டதில் சுருள் கருகிப்போனது அது. பாண்டிச்செல்வி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நல்லகாமனின் முழங்கை இடித்து, திருகாணி டப்பா கவிழ்ந்தது. தரையில் சிதற வேண்டிய திருகாணிகளில் பாதி, ஸ்பீக்கரின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நின்றன.

பாண்டிச்செல்வி உரிப்பதை நிறுத்தினாள்.

"ஏங்க, இதுதான் கருகிப்போச்சே. கரண்டும் குடுக்கல. அப்பறம் எப்பிடி இப்பிடி இழுக்குது?"

நல்லகாமன் சிரித்தான். "பாடுறதுக்குத்தான் கரண்டு வேணும் செல்வி. காந்தம் எப்பவும் காந்தந்தான். அத யாரு போயி ஆஃப் பண்றது?"

அவள் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. கலக்கிக்குள் என்ன இருக்கிறது? எது அந்த வெள்ளைக் கட்டையைச் சுழற்றுகிறது? மோட்டார் சுழற்றுகிறது. மோட்டார் எதைச் சுழற்றுகிறது? ஒரு காந்தத்தைத்தானே!

"காலேசுக்குப் போறேன்" என்று எழுந்தாள்.

"ஞாத்துக்கெழமையா?"

"ஆமா. அந்தச் சின்னத் திருகாணி ஒரு கை அள்ளித் தாங்க. இல்ல, நீங்களும் வாங்க, வண்டிய எடுங்க."

கல்லூரி வாசலில் காவலாளி சவரியப்பன் செய்தித்தாளை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா செல்வி, தீயி கீயி பிடிச்சிருச்சா?"

"ஒரு தட்டைப் பாக்கணும்ணே. வந்து சொல்றேன்" என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். நல்லகாமன் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தான்.

ஏசி அறையைத் திறந்தாள். கலக்கி வெள்ளிக்கிழமை அணைத்தபடியே கிடந்தது. மின்செருகியைக்கூடக் கழற்றிவிட்டாள். மேல்தட்டில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தாள். கைப்பிடியளவு திருகாணிகளை அதன் மேல் தூவினாள்.

திருகாணிகள் சும்மா விழவில்லை. விழுந்த கணமே புரண்டு, நெளிந்து, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. காகிதத்தின் நடுவில் எல்லாம் ஒரே திசை. ஜன்னல் மூலையிலிருந்து கதவைப் பார்த்த திசை.

"அட!" என்றான் நல்லகாமன்.

அவள் காகிதத்தை எடுத்துவிட்டு, செருகியை மாட்டி, ஸ்விட்சைப் போட்டு உடனே அணைத்தாள். மறுபடி காகிதம். மறுபடி திருகாணி. இப்போது வரிசை சுவரைப் பார்த்து நின்றது. இன்னொரு முறை. வேறு திசை. இன்னொரு முறை. அதற்கும் வேறு திசை. உள்ளே இருக்கும் காந்தம் ஒவ்வொரு முறையும் எங்கே நின்றதோ அந்தத் திசை. முப்பத்தேழு, நூற்றுப் பன்னிரண்டு, எட்டு. எல்லாவற்றுக்கும் பதில் அந்தப் பலகைக்குள் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது.

வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

"எதுக்குச் சிரிக்கிற, எதுக்கு அழுகுற?" என்று நல்லகாமன் தடுமாறினான்.

"கண்டுபிடிச்சிட்டேன்ங்க. ஆனா பண்ணதும் நாந்தான். நாலு மாசமா அந்தப் பிள்ளையப் படாத பாடு படுத்துனது நாந்தான்."

ஆல்பினுக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "தம்பி, உங்க காந்தமில்லாத தட்டையெல்லாம் நான் காந்தத்து மேலதான் வச்சிருக்கேன். ஒடனே வாங்க."

அவன் பக்கத்து ஊரான பரவையிலிருந்து வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவள் திருகாணிகளைத் தூவிக் காட்டினாள். ஸ்விட்சைப் போட்டு அணைத்து, இன்னொரு முறை காட்டினாள். ஆல்பின் முக்காலியில் உட்கார்ந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். போட்டான். மறுபடி கழற்றினான்.

"மன்னிச்சிருங்க தம்பி. மட்டமா இருக்குன்னுதான் அங்க வச்சேன். வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் போயிர்றேன்."

"அக்கா, சும்மா இருங்க." அவன் கலக்கியைத் தட்டிக் காட்டினான். "புரியுதா ஒங்களுக்கு? நம்ம மெஷின் தப்பா சொல்லல. ஒரு தடவகூடத் தப்பா சொல்லல. இது பெரிய காந்தம்கூடக் கெடையாது. இதோட திசையக்கூட அது பிடிச்சிருக்கு! நானும் கேட்டிருக்கணும், எங்க வக்கிறீங்கன்னு வந்து பாத்திருக்கணும். நாலு மாசமா சரியா வேலை செய்யிற மெஷினத்தான் நான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!"

எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தான். சட்டென்று நின்றான். "அகர் இருக்கா?"

இருந்தது. பாண்டிச்செல்வி காய்ச்சினாள். துகள்களைக் கலந்து ஊற்றினாள். எத்தனையோ முறை ஊற்றியவள்தான், அன்று குமிழி ஒன்று வந்தது. ஊசியால் தொட்டு உடைத்தாள். ஊற்றுவதற்கு முன்பே திருகாணி வரிசையின் திசையைக் காகிதத்தில் கோடு போட்டு, தட்டின் விளிம்பில் வைத்த குறியிலிருந்து பாகைமானி வைத்து அளந்து எழுதியிருந்தார்கள்: அறுபத்தொன்று. தட்டு உறைய இருபது நிமிடம். மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். நல்லகாமன் அறுபத்தொன்றுக்கு மேல் போகும் என்றான், எதற்கென்று தெரியாமலே.

கருவியில் வைத்து ஆல்பின் வளையத்தைச் சுழற்றினான். மானியின் எண் இறங்கியது, இறங்கியது, நின்றது, ஏறத் தொடங்கியது. பின்னால் திருப்பிச் சரியாக நிறுத்தி வாசித்தான்.

"அறுபத்து மூணு."

"நான் சொன்னேன்ல!" என்று நல்லகாமன் கத்தினான். அந்தச் சத்தத்தில் சவரியப்பனே மாடிப்படியேறி வந்துவிட்டார்.

*

திங்கட்கிழமை காலை ஜோசபின் இருவர் சொன்னதையும் முழுக்கக் கேட்டார். பாண்டிச்செல்வி தன் தவறை முதலில் சொன்னாள், பிறகுதான் கண்டுபிடித்ததைச் சொன்னாள். பேராசிரியர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஒரு தட்டு போதாது" என்றார். "ரெண்டு பேருக்கும் எண்ணு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. ஆசை இருந்தா கண்ணு ரெண்டு டிகிரி நகந்து குடுக்கும். செல்வி, பத்துத் தட்டு நீ மட்டும் தனியா உறைய வை. ஒவ்வொண்ணோட திசையையும் ஒரு சீட்டுல எழுதி, மடிச்சு எங்கிட்ட குடு. ஆல்பின் அந்த ரூம் பக்கமே வரக்கூடாது. அவன் அளந்து முடிச்சப்பறம் நான் சீட்டைப் பிரிக்கிறேன்."

செவ்வாயும் புதனும் பாண்டிச்செல்வி அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. ஆல்பின் நடைக்கூடத்தின் மறுமுனையில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தான்.

வியாழக்கிழமை பத்துத் தட்டுகளும் கருவிக்கு வந்தன. துறையில் விஷயம் பரவி, வகுப்பில்லாத ஆசிரியர்கள் நான்கைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். ஜோசபின் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆல்பின் ஒவ்வொன்றாக அளந்து கரும்பலகையில் எழுதினான். ஆறு தட்டுகள் சுலபமாக முடிந்தன. ஏழாவது தட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு சுற்றுச் சுற்றினான். எண் அசையவே இல்லை. தட்டை எடுத்து, வடிகட்டிக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்தான். அசையவில்லை. கடைசியில் கரும்பலகையில் ஏழுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு மேலே போனான்.

பாண்டிச்செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

ஜோசபின் சீட்டைப் பிரித்தார். "ஒண்ணு. இருபத்தஞ்சு."

கரும்பலகையில் இருபத்து நான்கு.

"ரெண்டு. நூத்துப் பதினாறு."

நூற்றுப் பதினெட்டு. சுவரோரம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மூன்று பொருந்தியது. நான்கு அப்படியே அச்சாகப் பொருந்தியது. ஐந்து, ஆறு. ஒன்றுகூட மூன்று டிகிரியைத் தாண்டவில்லை. ஏழாவதுக்கு வந்தபோது ஜோசபின் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தலையை நிமிர்த்திப் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். பிறகு உரக்கப் படித்தார்:

"ஏழு. கிரானைட் கல்லு மேல வச்சேன். ரூபா நோட்டு மாதிரி பேப்பரை மடிச்சு அண்டைக் குடுத்து மட்டம் பண்ணேன். காந்தம் கெடையாது. திசையும் கெடையாது."

பிறகு, வகுப்பில் புன்னகைக்கக்கூட யோசிக்கும் ஜோசபின் மேசையை ஓங்கித் தட்டிச் சிரித்தார். "அடி கள்ளி! எனக்கே சொல்லாம!"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, ஆசை இருந்தா கண்ணு நகருமுன்னு" என்றாள் பாண்டிச்செல்வி. "ஒண்ணுமில்லாததை ஒண்ணுமில்லன்னு சொல்லுதான்னும் பாக்கணும்ல? அதுலதான நாலு மாசம் கெட்டுச்சு."

மிச்சம் மூன்று எண்களும் பொருந்தியதும் ஆல்பின் சாக்பீஸை மேலே எறிந்து பிடிக்கப் போனான். பிடி நழுவி அது ஜோசபினின் கைப்பைக்குள் விழுந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

*

திசை தெரிந்துவிட்டது. திசையால் சூடு மாறுமா என்பதுதான் அடுத்த கேள்வி. கணக்கு மாறும் என்றது. கண்ணால் பார்த்தாக வேண்டும். கம்பிச்சுருள் ஒன்றை ஆல்பின் ஏற்கெனவே சுற்றி வைத்திருந்தான், தண்ணீர் ஓடும் செம்புக் குழாயில். துகள்கள் வரிசை கட்டிய தட்டிலிருந்து பாண்டிச்செல்வி பிளேடால் இரண்டு துண்டுகள் வெட்டினாள், சமமான எடையில். ஒன்றை வரிசை புலத்தின் திசையிலேயே இருக்கும்படி வைத்தார்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டார்கள். வெப்பமானியைப் பாண்டிச்செல்விதான் வாசித்தாள். அவள் எண்களைச் சொல்லச் சொல்ல அவள் குரலே ஏறிக்கொண்டு போனது. ஒன்பது டிகிரி ஏறியிருந்தது.

இரண்டாவது துண்டும் அதே துகள், அதே எடை, அதே சுருள்தான், ஆனால் அதைக் குறுக்கே திருப்பி வைத்தார்கள். ஐந்து நிமிடம். மூன்று டிகிரிதான்.

"மூணா? சரியாப் பாருங்க அக்கா!"

"மூணுதான் தம்பி! மூணே மூணு!" என்று அவள் கையை உயர்த்தி விரலை விரித்துக் காட்டினாள். திசை எதுவும் இல்லாமல் கல்லின் மேல் உறைந்த துண்டு, இரண்டுக்கும் நடுவே ஐந்தில் வந்து நின்றது. மூன்று முறை திரும்பச் செய்தார்கள். மூன்று முறையும் அதே கதை.

ஜோசபின் அந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரே மருந்து, ஒரே அளவு" என்றார் மெதுவாக. "ஒருத்தருக்குக் கட்டி வேகும், இன்னொருத்தருக்கு வேகாது. ஏன்னு தெரியாம டாக்டர் தலையப் பிச்சுக்குவாரு. திசை தெரிஞ்சா சுருளைத் திருப்பி வச்சாலே போதும்."

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் இத்தனை நாள் ஊற்றிய பழுப்புத் தட்டுக்குள் ஒரு மனித உடம்பு தெரிந்தது. ஒச்சாயியோடு களையெடுக்கப் போகும் அன்னக்கொடி போன வருடம் மார்பில் கட்டி என்று மதுரைப் பெரிய மருத்துவமனைக்கும் ஊருக்குமாக அலைந்ததை நினைத்தாள். இது மருந்தாக வர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும் என்று ஆல்பின் சொல்லியிருக்கிறான். ஆகட்டும். ஒரு படி ஏறியாகிவிட்டது. அந்தப் படியில் அவளும் நின்றாள்.

ஆகஸ்டில் கட்டுரையை எழுதி முடித்தார்கள். ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் ஜோசபின் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"செல்வி, உன் இனிஷியல் என்ன?"

"எதுக்கு மேடம்?"

"பேரு போடணும்ல? ஆல்பின், நீ, நான். மூணு பேருதான் எழுதுறோம்."

"நன்றி சொல்ற எடத்துலயா மேடம்?"

"எழுதுனவங்க பேரு இருக்கிற எடத்துல. ஏழாவது தட்டு யாரு யோசனை? என் யோசனையா?"

பாண்டிச்செல்வி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு "க. கருப்பு மகள்" என்றாள், பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுப்பதுபோல. அன்று மாலையே ஊருக்குப் போன் செய்தாள். கருப்பு கடலைக் கொல்லையில் இருந்தார். வெளிநாட்டுப் புத்தகம், அதில் கட்டுரை, மூன்று பேரில் ஒருத்தியாகத் தன் பெயர் என்று அவள் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எம்பேரு எழுத்தும் வருதா?"

"வருதுப்பா. எம்பேருக்கு முன்னாடியே வருது."

மறுமுனையில் அவர் உரத்த குரலில் யாரையோ கூப்பிடுவது கேட்டது: "ஏ ஒச்சாயி, இங்கிட்டு ஓடியா, ஓடியா!"

கட்டுரை டிசம்பரில் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து ஜோசபினுக்குக் கடிதம் வந்தது. அகரில் சரி, நிஜத் திசுவில் திசை தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். ஆட்டு ஈரலில் துகள்களை ஏற்றி, காகிதம் போலச் சீவி, கருவியில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஈரல் அன்று வெட்டியதாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோச்சடைக் கறிக்கடையில் பாண்டிச்செல்வி கையில் ஐஸ் பெட்டியோடு வரிசையில் நின்றாள். கடைக்காரர் பாண்டியராஜன் ஈரலைத் தராசில் போட்டுவிட்டுக் கத்தியை ஓங்கினார்.

"வெட்டாதீங்கண்ணே! முழுசா வேணும். மேல ஒரு கீறல் விழுகக்கூடாது."

"முழுசா எப்பிடிம்மா வதக்குவ?"

"வதக்குறதுக்கு இல்லண்ணே. காந்தத்துக்கு நடுவுல வைக்கிறதுக்கு."

பாண்டியராஜன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பாண்டிச்செல்வி ஐஸ் பெட்டியைத் திண்டில் வைத்தாள்.

"சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். "தலைமுடி ஒண்ணு இருக்குல்ல, அதோட தடிமன்ல நாலாயிரத்தை வரிசையா நிப்பாட்டலாம்..."